அக்கா, இந்த விதி இன்னும் இருக்கா? அமெரிக்க நர்சிங் ஹோம் கோவிட் விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு நர்சிங் ஹோமில் நோய்த்தொற்றுத் தடுப்பு நர்ஸாக இருக்கிறேன். 2020 மார்ச்சிலிருந்து என்னிடம் வரும் சந்தேகங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான். இங்கே நர்ஸ், எய்ட் (நர்ஸ் உதவியாளர்) வேலை பார்க்கும் நம் ஆட்கள் ஒரு பக்கம், அப்பா அம்மாவைச் சேர்த்திருக்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம், சின்ன அளவில் இல்லம் நடத்துகிற சிலர் வேறு. குழப்பம் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறக்கிறது: கையில் இருக்கும் தாள் பழசு. அதனால் கீழே எந்தப் பதிலைப் படித்தாலும் தேதியை மட்டும் விடாதீர்கள்.

நர்சிங் ஹோம்னா ஆஸ்பத்திரிதானே? இதுக்கு யாரு சட்டம் போடறா?

நம்மூர் பேச்சில் நர்சிங் ஹோம் என்றால் டாக்டர் வீட்டு மாடியில் நடக்கிற சின்ன ஆஸ்பத்திரி. இங்கே அப்படி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரம் பிசியோதெரபி, காயத்துக்குக் கட்டு, ஊசி மருந்து என்று தேறிப் போகிறவர்களும், வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாமல் வருடக்கணக்கில் தங்குகிறவர்களும் ஒரே கட்டடத்தில் இருக்கும் இடம்.

மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு காப்பீடு), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு காப்பீடு) பணம் வாங்குகிற இல்லங்களுக்கு மத்திய அரசின் சி.எம்.எஸ். என்ற அமைப்பு விதி போடுகிறது. ஆனால் லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். ஆய்வுக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் மாநில ஆட்கள்தான், சி.எம்.எஸ். சார்பில் வருவார்கள். இரண்டு முதலாளிகளுக்கு வேலை பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிச் சிக்கல் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

சி.எம்.எஸ். கடிதம், சி.டி.சி. அறிவுரை, சட்ட விதின்னு மாத்தி மாத்தி சொல்றாங்க. எதுக்குக் கட்டுப்படணும்?

நர்சிங் ஹோம் நடத்தை விதிகள் மத்திய விதித்தொகுப்பின் 42-ஆவது தலைப்பில், 483-ஆம் பகுதியில் இருக்கின்றன. நோய்த்தொற்றுத் தடுப்புக்கு அதில் 483.80. இதுதான் கெட்டியான விதி. அந்த விதியை எப்படிப் படிப்பது, ஆய்வாளர் எதைப் பார்ப்பார் என்று சி.எம்.எஸ். எழுதுவது க்யூ.எஸ்.ஓ. என்று தொடங்கும் எண்ணுள்ள கடிதங்கள். நோய்க் கட்டுப்பாட்டுக்கான மத்திய அமைப்பான சி.டி.சி. எழுதுவது மருத்துவ அறிவுரை. அதற்குத் தனியாகச் சட்ட பலம் கிடையாது, ஆனால் 'சி.டி.சி. சொன்னபடி செய்' என்று சி.எம்.எஸ். தன் கடிதத்தில் எழுதிவிட்டால் நடைமுறையில் ஆய்வாளர் அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்.

கடிதங்களைப் பற்றி ஒன்று. ஒரே எண்ணில் பல தடவை திருத்தம் வரும். பார்வையாளர் பற்றிய க்யூ.எஸ்.ஓ. 20-39 முதலில் வந்தது 2020 செப்டம்பர் 17. அதே எண்ணில் 2021 மார்ச்சிலும் நவம்பரிலும் 2023 மேயிலும் திருத்தம் வந்தது, ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயம் சொல்கிறது. எண்ணைப் பார்த்து 'இது எங்ககிட்ட இருக்கே' என்று சொல்லாதீர்கள், தலைப்பில் இருக்கும் திருத்தத் தேதியைப் பாருங்கள்.

வேய்வர் வேய்வர்னாங்களே, அப்ப எல்லா விதியும் போயிடுச்சா?

இல்லை. வேய்வர் என்றால் குறிப்பிட்ட சில விதிகளை, குறிப்பிட்ட காலத்துக்கு, சி.எம்.எஸ். கேட்காமல் விடுவது. ஜனாதிபதியின் அவசரநிலை அறிவிப்பும் சுகாதாரத் துறையின் அவசரநிலை அறிவிப்பும் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் 1135-ஆம் பிரிவின்படி அதைச் செய்ய முடியும். சுகாதார அவசரநிலை 2020 ஜனவரி 31 அன்று அறிவிக்கப்பட்டது, ஜனாதிபதியின் அறிவிப்பு மார்ச் 13. வேய்வர்களை மார்ச் 1-லிருந்தே நடைமுறையில் இருந்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

முடிந்தது ஒரே நாளில் இல்லை, அங்கேதான் நிறையப் பேர் மாட்டினார்கள். டாக்டர் நேரில் வந்து பார்க்கவேண்டும் என்பது, இல்லவாசிகள் கூட்டம் நடத்துவது போன்ற சிலவற்றின் வேய்வர் 2022 மே 7-லேயே முடிந்தது. எய்ட் பயிற்சி உட்பட இன்னும் சில ஜூன் 6-இல். மிச்சம் இருந்தவை 2023 மே 11, அவசரநிலை முடிந்த அன்று. 'பிஎச்இ (சுகாதார அவசரநிலை) முடியற வரைக்கும் எல்லாம் ஓகே' என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் சும்மா இருந்த இல்லங்கள் உண்டு.

மூணு நாள் ஆஸ்பத்திரியில படுக்காமலே அப்பாவுக்கு மெடிகேர் பணம் கட்டுச்சு. இப்ப அம்மாவுக்கு ஏன் மாட்டேங்குது?

அப்பா போனது வேய்வர் காலத்தில். மெடிகேரின் பழைய விதி, நர்சிங் ஹோம் செலவை ஏற்கவேண்டுமென்றால் அதற்கு முன் தொடர்ந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். சேர்ந்த நாள் கணக்கில் உண்டு, டிஸ்சார்ஜ் ஆன நாள் கிடையாது. கோவிட் காலத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையைக் காலி செய்யவேண்டி இதைத் தள்ளி வைத்தார்கள். 2023 மே 11-ஓடு பழைய விதி திரும்பிவிட்டது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அம்மா நாலு ராத்திரி ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் படுத்திருந்தார், கையில் பட்டை கட்டினார்கள், சாப்பாடு வந்தது, எல்லாம் சரி. ஆனால் ஃபைலில் 'அப்சர்வேஷன்', அதாவது உள்நோயாளியாகச் சேர்க்காமல் கண்காணிப்பில் மட்டும், என்று எழுதியிருந்தால் அந்த நாட்கள் மூன்று நாள் கணக்கில் சேராது. 24 மணி நேரத்துக்கு மேல் அப்சர்வேஷனில் வைத்தால் ஆஸ்பத்திரி அதை எழுத்தில் தரவேண்டும், கையெழுத்துக்கு ஒரு தாள் நீட்டுவார்கள், படிக்காமல் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும்போதே 'இவங்க உள்நோயாளியா, அப்சர்வேஷனா?' என்று கேளுங்கள். வெளியே வந்தபின் சண்டை போடுவது கஷ்டம். தனியார் கம்பெனி வழியாக வரும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருந்தால் கதை வேறு, பல திட்டங்கள் மூன்று நாள் கேட்பதில்லை, முன் அனுமதிதான் கேட்கும்.

2020-ல அம்மாவைப் பார்க்கவே விடல. அதுக்கு அவங்களுக்கு உரிமை இருந்துதா?

இருந்தது, ஆரம்பத்தில். 2020 பிப்ரவரி கடைசியில் வாஷிங்டன் மாநிலத்துக் கிர்க்லாந்து நகரில் ஒரு நர்சிங் ஹோமில் தொற்று பரவி ஆட்கள் அடுத்தடுத்து இறந்தபோது நாடே பயந்துபோனது. மார்ச் 13 அன்று சி.எம்.எஸ். கடிதம்: பார்வையாளர் யாரையும் விடாதே, அவசியமில்லாத ஊழியர்களையும் விடாதே, கடைசி நேரம் போன்ற கருணைச் சந்திப்புக்கு மட்டும் விலக்கு. அப்போது நாங்கள் செய்தது ஜன்னல் சந்திப்பு. வெளியே செடிக்கு நடுவில் மகள் நிற்பாள், உள்ளே சக்கர நாற்காலியில் தாய், கண்ணாடி தடிமன், சத்தம் வராது, அதனால் இரண்டு பக்கமும் செல்போன். உதடு அசைந்து அரை நொடி கழித்துத்தான் குரல் வரும். காது மந்தமான ஒரு பாட்டி போனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை மட்டும் தடவிக்கொண்டிருந்தார். வீடியோ அழைப்புக்கான டேப்லெட் வாங்க, இல்லங்கள் கட்டிய அபராதப் பணத்திலிருந்து ஒரு இல்லத்துக்கு 3,000 டாலர் வரை தர சி.எம்.எஸ். ஒத்துக்கொண்டது. டேப்லெட் அந்தப் பாட்டிக்கு உதவவில்லை.

2020 செப்டம்பர் 17 கடிதத்தில் கொஞ்சம் திறந்தார்கள். வெளியே உட்கார்ந்து பேசலாம், 14 நாள் புதுத் தொற்று இல்லை, கவுன்ட்டியிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) டெஸ்ட் பாசிட்டிவ் விகிதம் 10 சதவீதத்துக்கு மேல் இல்லை என்றால் உள்ளேயும் வரலாம் என்றார்கள். அதைவிட முக்கியம், கருணைச் சந்திப்பு என்றால் சாகக் கிடப்பது மட்டும் இல்லை என்று எழுத்தில் சொன்னதுதான். வீட்டை விட்டுப் புதிதாக வந்து தவிக்கிறவர், துணையை இழந்து துக்கத்தில் இருக்கிறவர், பக்கத்தில் ஆள் உட்கார்ந்து ஊட்டினால்தான் சாப்பிடுகிற, எடை குறைந்துகொண்டே போகிறவர், பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தி அடிக்கடி அழுகிறவர், இவர்களையெல்லாம் உதாரணமாகவே எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் 'இன்னும் சீரியஸ் ஆகலையே' என்று திருப்பி அனுப்பிய இல்லங்கள் இருந்தன. உங்களுக்கு 2020 அக்டோபருக்குப் பிறகு அப்படி நடந்திருந்தால் உங்கள் கோபம் நியாயம்தான்.

2021 மார்ச் 10-இல் தடுப்பூசி வந்ததால் பெரும்பாலானவர்களுக்கு உள்சந்திப்பு திறந்தது. தடுப்பூசி முழுக்கப் போட்ட இல்லவாசி முகக்கவசம் போட்டுக்கொண்டு தொடலாம், கட்டிக்கொள்ளலாம் என்று வந்ததும் அப்போதுதான். 2021 நவம்பர் 12 திருத்தத்தில் எல்லா இல்லவாசிகளுக்கும் எல்லா நேரமும் சந்திப்பு உண்டு என்று முடித்துவிட்டார்கள்.

இப்பவும் 'கோவிட் வந்திருக்கு, ரெண்டு வாரம் வராதீங்க'ன்னு போன் வருதே?

'வராமல் இருந்தால் நல்லது' என்று சொல்லலாம். 'விடமாட்டோம்' என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன 2021 நவம்பர் திருத்தத்துக்குப் பிறகு, உள்ளே தொற்று பரவிக்கொண்டிருந்தாலும் சந்திப்பு நடக்கலாம். ஆபத்து இருக்கிறது என்று உங்களிடம் சொல்லவேண்டியது அவர்கள் வேலை, வருவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, உங்கள் அம்மாவின் முடிவு. உங்களுக்கே கோவிட் இருந்தாலோ அறிகுறி இருந்தாலோ போகாதீர்கள், அதற்கு வாதம் கிடையாது. டெஸ்ட் எடுத்தால்தான் விடுவோம், தடுப்பூசிச் சீட்டு காட்டு என்று நிபந்தனை போடுவதை மத்திய விதி ஒத்துக்கொள்ளவில்லை. முகக்கவசம் கேட்டால் போட்டுக்கொள்ளுங்கள்.

வாதாடும்போது கோவிட் கடிதத்தைத் தேடாதீர்கள். பார்வையாளரைச் சந்திக்கும் உரிமை 483.10 என்ற பழைய இல்லவாசி உரிமை விதியிலேயே இருக்கிறது. அதைச் சொன்னால் போதும், எதிர்முனைக் குரல் கொஞ்சம் இறங்கும். இறங்காவிட்டால், இல்லவாசிகளின் புகாரைக் கேட்டு அவர்களுக்காகப் பேசும் மாநில ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கு போன் போடுங்கள்.

ஒருத்தருக்கு வந்தா எல்லார் வீட்டுக்கும் போன் பண்ணணுமா? யாருன்னு சொல்லலாமா?

பெயர் எந்தக் காலத்திலும் சொல்லக்கூடாது. 2020 மே 8-லிருந்து இருந்த விதி: உறுதியான ஒரு கோவிட் தொற்று வந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் மூன்று பேருக்கோ அதற்கு மேலோ புதிதாக மூச்சுக்கோளாறு அறிகுறி வந்தாலோ, மறுநாள் மாலை 5 மணிக்குள் இல்லவாசிகளுக்கும் குடும்பங்களுக்கும் தெரியவேண்டும். மறுநாள் என்றால் காலண்டர்படி மறுநாள், சனி ஞாயிறு என்று சாக்கு இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போன் செய்யவேண்டியதில்லை, பதிவுசெய்த குரல் செய்தி, மின்னஞ்சல், வெப்சைட் எதுவானாலும் சரி.

2023 மேயில் சி.எம்.எஸ். இந்த அறிவிப்பை இனி எதிர்பார்க்க மாட்டோம், அமல்படுத்த மாட்டோம் என்று சொல்லிவிட்டது. எங்கள் இல்லத்தில் இன்னும் அனுப்புகிறோம். அனுப்பாத நாளில்தான் அறுபது போன் வரும்.

வாராவாரம் என்.எச்.எஸ்.என்.ல டேட்டா போடறது நின்னுடுச்சுன்னு மேனேஜர் சொல்றாரே?

மேனேஜர் இரண்டையும் குழப்பிக்கொண்டார். நின்றது குடும்பங்களுக்கான அறிவிப்பு, போன கேள்வியில் சொன்னது. சி.டி.சி.யின் என்.எச்.எஸ்.என். தளத்தில் வாரம் ஒரு முறை பதிவது நிற்கவில்லை. முதலில் 2024 டிசம்பர் 31 வரை என்று கெடு வைத்திருந்தார்கள், அது முடியும் முன்பே புது விதி போட்டு 2025 ஜனவரி 1-லிருந்து கோவிடோடு இன்ஃப்ளூயன்சா, ஆர்.எஸ்.வி. (இன்னொரு மூச்சுத்தொற்று வைரஸ்) இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், தடுப்பூசி நிலை, தொற்று எத்தனை, ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எத்தனை என்று போகும்.

விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்குத் தொற்றுக் காலத்துக் கணக்கைச் சொல்கிறேன்: ஞாயிறு இரவு 11:59-க்குள் பதியவில்லை என்றால் முதல் தடவை 1,000 டாலர், அடுத்தடுத்த தடவைக்கு 500 ஏறிக்கொண்டே 6,500 வரை. இதற்கு ஆய்வாளர் நேரில் வரவேண்டியதுகூட இல்லை, சி.எம்.எஸ். தளத்தைப் பார்த்தே எஃப் 884 என்று எழுதி அனுப்பிவிடும். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் லாகின் இருந்து, அவர் கோவிடில் படுத்து, அந்த வாரம் யாராலும் உள்ளே போக முடியாமல் நாங்கள் விழித்தது உண்டு. இரண்டாவது ஆளுக்கும் லாகின் வாங்கி வையுங்கள்.

எஃப் 884, எஃப் 880ன்னா என்ன?

ஆய்வாளர் குறை எழுதும்போது எந்த விதி மீறப்பட்டது என்று காட்டும் எண். 880 பொதுவான தொற்றுத் தடுப்பு, 884 என்.எச்.எஸ்.என்., 885 குடும்ப அறிவிப்பு, 886 பரிசோதனை, 887 தடுப்பூசி பற்றிச் சொல்லி வழங்குவது, 888 ஊழியர் தடுப்பூசிக் கட்டாயம். கடைசியில் சொன்னது செத்துப்போன எண், அதைப் பற்றிக் கீழே.

வாரத்துக்கு ரெண்டு தடவை மூக்குல குச்சி விட்டாங்களே, எந்தக் கணக்குல?

கவுன்ட்டிக் கணக்கில். 2020 செப்டம்பர் 2-லிருந்து, கவுன்ட்டியின் பாசிட்டிவ் விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஊழியர்களுக்கு மாதம் ஒரு முறை, 5 முதல் 10 என்றால் வாரம் ஒரு முறை, 10-க்கு மேல் போனால் வாரம் இரண்டு. எங்கள் ஓய்வறைக் கதவில் மார்க்கரில் அந்த வார எண்ணை எழுதி ஒட்டுவோம், காபி எடுக்க வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்து மூக்கைத் தொட்டுக்கொள்வார்கள். 2022 செப்டம்பர் 23-இல் அறிகுறி இல்லாத ஊழியர்களுக்கு வழக்கமாக டெஸ்ட் எடுக்கவேண்டும் என்ற பரிந்துரையை சி.டி.சி. கைவிட்டது. பரிசோதனை விதியே 2023 மே 11-ஓடு முடிந்தது. ஆனால் அறிகுறி உள்ளவருக்கும், தொற்று பரவும்போதும் டெஸ்ட் எடுக்காமல் விட்டால் 880-இல் மாட்டலாம்.

தடுப்பூசி போடலன்னு வேலையை விட்டு எடுத்தாங்க. அந்த விதியைத்தான் கோர்ட்டு ரத்து பண்ணிடுச்சே?

ரத்து செய்தது வேறு விதி. 2022 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு உத்தரவு போட்டது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகளுக்கான 'ஊசி அல்லது டெஸ்ட்' விதியை நிறுத்தி வைத்தது. சுகாதார ஊழியர்களுக்கான சி.எம்.எஸ். விதியை, 5-க்கு 4 என்ற கணக்கில், நடைமுறைக்கு வர விட்டது. செய்தியில் இரண்டும் கலந்து வந்ததால் இந்தக் குழப்பம் இன்றுவரை போகவில்லை.

அந்த சி.எம்.எஸ். விதி 2021 நவம்பர் 5-இல் வந்தது, உடல்நிலைக் காரணத்துக்கும் மதக் காரணத்துக்கும் விலக்கு கேட்கலாம் என்று அதிலேயே இருந்தது. 2023 ஜூனில் வெளியிட்ட விதியில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது பின்தேதியிட்டு இல்லை, எனவே அது இருந்தபோது நடந்த பணிநீக்கம் தானாகத் தவறாகிவிடாது. உங்கள் விலக்கு மனுவை எப்படிக் கையாண்டார்கள் என்பது தனிக் கேள்வி, அதை வேலைச் சட்ட வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை. ஊசியைப் பற்றி எடுத்துச்சொல்லி, வேண்டுமா என்று கேட்டு வழங்கவேண்டும் என்பது மட்டும் நிலையான விதியாகிவிட்டது.

அக்கா, நான் 2021-ல சர்டிஃபிகேட் இல்லாம எய்டா சேர்ந்தேன். அப்ப ஓகேன்னாங்க, அப்புறம் திடீர்னு நிறுத்திட்டாங்க. இது சரியா?

அப்போது சரிதான், நிறுத்தியதும் சரிதான். வழக்கமான விதியில் எய்ட் ஆக குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதை முடித்துத் தேறாமல் ஒரு இல்லத்தில் நாலு மாதத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. ஆள் கிடைக்காத காலத்தில் அந்த நாலு மாத எல்லையை வேய்வரில் எடுத்தார்கள். 2022 ஜூன் 6-இல் அந்த வேய்வர் முடிந்ததும் எல்லாருக்கும் நாலு மாதக் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியது, அக்டோபரில் தீர்ந்தது. பயிற்சி இடமோ தேர்வு இடமோ கிடைக்காத பகுதிகளுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள், உங்கள் இல்லம் அதைக் கேட்டு வாங்கியதா என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்கவேண்டும். வேலை செய்த மாதங்கள் வீண் இல்லை. பயிற்சி மணிநேரமாக அதில் எவ்வளவை ஏற்பது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் மாநில எய்ட் பதிவகத்தில் விசாரியுங்கள்.

எங்க அப்பா அசிஸ்டெட் லிவிங்ல இருக்காரு. மேல சொன்னதெல்லாம் அங்க காட்டிச் சண்டை போடலாமா?

முடியாது. இதுதான் நான் அதிகம் திருத்துகிற தப்பு. அசிஸ்டெட் லிவிங் (அன்றாட வேலைகளுக்கு உதவி கிடைக்கும் முதியோர் குடியிருப்பு) முக்கியமாக மாநில விதிகளின் கீழ் வருகிறது, சி.எம்.எஸ்.ஸின் 483 அங்கே செல்லாது. 2021 நவம்பர் கடிதத்தைக் கொண்டுபோய் நீட்டினால் அவர்கள் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரே வளாகத்தில் முன் கட்டடம் அசிஸ்டெட் லிவிங், பின் கட்டடம் நர்சிங் ஹோம் என்று இருக்கும் இடங்களில் அம்மாவுக்கு ஒரு விதி, அப்பாவுக்கு ஒரு விதி என்று ஆகிவிடும், கேட்க அபத்தமாக இருந்தாலும் அதுதான் நிலை. ஆம்புட்ஸ்மன் மட்டும் இரண்டு இடத்துக்கும் உண்டு.

மாநிலம் ஒண்ணு சொல்லுது, சி.எம்.எஸ். ஒண்ணு சொல்லுது. நாங்க யாரைக் கேக்கறது?

கடுமையாக இருப்பதைச் செய்யுங்கள் என்பது பொதுவான பதில், பத்தில் எட்டுத் தடவை அது போதும். சி.எம்.எஸ். வேய்வர் கொடுத்தாலும் மாநில லைசென்ஸ் விதி தளராது, அதற்கு மாநிலம் தனியாக உத்தரவு போட்டிருக்கவேண்டும். 2020-இல் பல இல்லங்கள் மத்திய வேய்வரை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொண்டு மாநில ஆய்வில் குறை வாங்கின.

பத்தில் மிச்சம் இரண்டு எப்போது என்றால், கடுமை என்பது இல்லவாசியின் உரிமையைக் குறைக்கிற கடுமையாக இருக்கும்போது. மாநில அதிகாரி 'பார்வையாளரை நிறுத்து' என்கிறார், மத்திய விதியில் அது உரிமை. அப்போது கண்ணை மூடிக்கொண்டு கடுமையானதைச் செய்தால் எஃப்-டேக் (மேலே சொன்ன குறை எண்) உங்கள் தலையில்தான் விழும். அந்த உத்தரவை எழுத்தில் வாங்குங்கள், யார் எப்போது சொன்னார் என்று குறித்து வையுங்கள், ஆய்வு அலுவலகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். போனில் சொன்னதை நம்பிச் செய்யாதீர்கள்.

அந்த 2020-ல ஆய்வுக்கே யாரும் வரலையே?

வந்தார்கள், வேறு மாதிரி. 2020 மார்ச்சில் வழக்கமான வருடாந்திர ஆய்வை நிறுத்தி, உயிருக்கு ஆபத்தான புகார், தொற்றுத் தடுப்பு ஆகிய இரண்டுக்கு மட்டும் வந்தார்கள். ஆகஸ்ட் 17-இல் வழக்கமான ஆய்வைத் திரும்பத் தொடங்கச் சொல்லிக் கடிதம் வந்தது. தேங்கிப்போன ஆய்வுகள் தீர வெகு நாள் பிடித்தது.

இப்ப பழைய கோவிட் ஃபைலைத் தூக்கிப் போட்டுடலாமா?

போடாதீர்கள். 2021-இல் நடந்ததற்கு இன்று புகார், வழக்கு வந்தால் அன்றைய தேதியில் என்ன விதி இருந்தது என்று காட்ட அந்த ஃபைல்தான் வேண்டும். ஆனால் இன்றைய நடைமுறை ஃபைலோடு கலக்காமல் தனி அலமாரியில் வையுங்கள், முதுகில் 'இது வரை' என்று தேதி எழுதி.

இன்றைய ஃபைலில் இருக்கவேண்டியவை: தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளர் ஒருவர் (இது கோவிட் விதி இல்லை, 2019 நவம்பர் 28-லிருந்தே உண்டு), தடுப்பூசி எடுத்துச்சொல்லி வழங்கிய பதிவு, என்.எச்.எஸ்.என். பதிவு, அப்புறம் 2024 ஏப்ரல் 1-லிருந்து வந்த கூடுதல் தடுப்பு முறை. ஆறாத காயம் உள்ளவர்களை, சிறுநீர் வெளியேற்றும் குழாயோ உணவூட்டும் குழாயோ பொருத்தியவர்களைக் குளிப்பாட்டும்போதும் கட்டு மாற்றும்போதும் கவுன், கையுறை போடுவது. கோவிட் மறுபடி வந்துவிட்டதோ என்று குடும்பத்தார் கவுனைப் பார்த்துப் பதறுவார்கள். மருந்துக்கு மசியாத கிருமிகளுக்கான ஏற்பாடு அது, கோவிடுக்கு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஃபைலுக்குப் போகும் முன் வாசல் கதவைப் பாருங்கள். போன ஆய்வுக்கு முந்தின நாள் எங்கள் வாசல் நோட்டீஸைப் பிய்த்தேன், அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் இன்னொன்று. கடைசித் தாள் 2020 மார்ச்: பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. செலோடேப் மஞ்சளாகி, கதவோடு சேர்ந்துவிட்டது, வெந்நீர் ஊற்றிக் கரண்டியால் சுரண்டித்தான் எடுத்தோம்.